தலையாட்டிப் பெட்டி

தஞ்சாவூர்ப் புறவழிச் சாலையை ஒட்டி மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் ஆளுயரத் தலையாட்டிப் பொம்மை ஒன்றைச் சிமென்டில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். சிமென்டில் செய்ததால் அது தலையாட்டாது. அந்த வேலையை உள்ளே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

கட்டடத்தின் பெயர் படுகை மண்டல அட்டைப்பெட்டித் தேர்வு மற்றும் அங்கீகார மையம். எந்தப் பொருளுக்கு எந்த வகை அட்டைப்பெட்டி பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதற்காக ஏழு வருஷத்துக்கு முன்பு திறந்தார்கள். நோக்கம் என்னவோ நல்ல நோக்கம்தான். அப்பளத்தைச் சாக்கில் கட்டி, கருவாட்டைச் செய்தித்தாளில் சுருட்டி, அவலை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு விற்கிற ஊர் நம் ஊர். யாராவது வந்து திருத்தினால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம்?

மையம் இதுவரை எத்தனை பெட்டிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று கேட்பவர்களுக்காக வரவேற்பறையில் பெரிய பலகை ஒன்று மாட்டியிருந்தது. ‘அங்கீகரிக்கப்பட்ட பெட்டிகள்’ என்ற தலைப்பின் கீழ் நூறு வரிகளுக்குக் கோடு போட்டிருந்தார்கள். முதல் வரியில் மட்டும் எழுத்து இருந்தது: ‘வ.எண் 1. கண்ணாடி டம்ளர், ஆறு. அலுவலக உபயோகம்.’ மையம் திறந்த வாரத்தில் டீ குடிக்க டம்ளர் வாங்கினார்கள். பெட்டிக்கென்றே இருக்கிற அலுவலகத்துக்கு அங்கீகாரம் இல்லாத பெட்டியில் சாமான் வந்தது என்று நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் என்ன செய்வது? வந்த பெட்டியையே அன்று மாலைக்குள் அங்கீகரித்துப் பலகையில் ஏற்றிவிட்டார்கள். மிச்சமுள்ள தொண்ணூற்றொன்பது கோடுகளும் அன்றிலிருந்து காலியாகக் கிடந்தன.

இந்தக் கட்டடத்துக்குள் செந்தாமரை முதல் தடவை நுழைந்தது ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை. அவள் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. வாளிக்குள் அச்சுமுறுக்கு.

வலங்கைமானிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு கிராமம் அவளுக்கு. நாற்பத்திரண்டு வயதில் முப்பது வருஷம் நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் கழித்தவள். நாலு வருஷமாகத்தான் அவளும் ராமாயியும் இன்னும் நாலு பெண்களும் குழுவாகச் சேர்ந்து அச்சுமுறுக்கு சுடுகிறார்கள். மாவில் தோய்த்த பித்தளை அச்சை எண்ணெயில் இறக்கி, ஒரு உதறு உதறினால் பூப்போல முறுக்கு கழன்று மிதக்கும். அந்த உதறலில் செந்தாமரையை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவள் முறுக்கை நாக்கில் வைத்தால் பல்லுக்கு வேலை இல்லை. வியாபாரத்தில் அவளுக்கு இருந்த ஒரே தொல்லையும் அதுதான். அவ்வளவு மெல்லிசான பண்டம் ஊர் தாண்டிப் போவதற்குள் பொடியாகிவிடும்.

அதிராம்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹமீதா பானு, மகள் தஹ்மீனாவின் நிச்சயதார்த்தத்துக்கு அவளிடம்தான் முறுக்கு சொல்லியிருந்தார். அதைச் சாக்குகளில் அடைத்து, மருதையனின் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். மருதையன் சாக்குகளின் மேல் இரண்டு வாழைத்தார்களையும் ஏற்றி, அவற்றின் மேல் தன் மச்சானையும் உட்கார வைத்துக்கொண்டு போனான். அங்கே போய்ச் சாக்கைப் பிரித்தபோது உள்ளே மாவுதான் இருந்தது. சம்பந்தி வீட்டார் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது செந்தாமரை இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை. அவ்வளவு அவமானமாக இருந்தது அவளுக்கு.

ஆனாலும் ஹமீதா பானு நிக்காஹுக்கும் அவளையே கூப்பிட்டார்.

“முந்நூறு பெட்டி வேணும் செந்தாமரை. பெட்டிக்குப் பன்னண்டு முறுக்கு. வர்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு. இந்தத் தடவை முழுசா வந்து சேர்ந்துச்சுன்னா இனிமே எங்க தெருவுல எந்தக் கல்யாணம்னாலும் உன்கிட்டதான். இதுவும் பொடியாச்சுன்னா நானே நினைச்சாலும் உன் பேரைச் சொல்ல முடியாது.”

தேதி ஐப்பசி மாதத்து முதல் ஞாயிறு. ஐந்து வாரம் இருந்தது.

செந்தாமரை அடுத்த நாளே தஞ்சாவூர் கீழவாசலில் அட்டைப்பெட்டி அச்சகம் வைத்திருக்கும் அஸாரிடம் போனாள். அஸார் ஒரு முறுக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு தின்றார். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“முறுக்குக்கு எதிரி முறுக்குதாங்க்கா. ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாது. அவலுன்னா சாதாப் பெட்டி போதும், அப்பளம்னா தட்டையா இருக்கணும், கருவாடுன்னா உள்ளுக்குள்ள மெழுகுத் தாள் ஒட்டணும். இதுக்கு அடி பூட்டிக்கிற பெட்டி, உள்ள ஆறு குழி வர்ற மாதிரி குறுக்குத் தடுப்பு. குழிக்கு ரெண்டு முறுக்கு. கண்ணாடி சாமானுக்குப் போடற வகைதான். நாலு நாள்ல அடிச்சுக் குடுத்துடுவேன்.”

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் ஏழாவது பத்தி.

குழு முறுக்கு சுடும் இடம் ஊராட்சியில் சும்மா கிடந்த ஒரு பழைய கட்டடம். ஏதோ திட்டத்தின் கீழ் அதைக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த உத்தரவின் ஏழாவது பத்தியில், குழு இனி விற்கும் எந்தப் பொருளும் மையம் தேர்வு செய்த அட்டைப்பெட்டியில்தான் போக வேண்டும், மீறினால் கட்டடம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. நாலு வருஷமாக அந்தப் பத்தியை யாரும் படிக்கவில்லை. அந்த மாதம் பார்த்துப் புதிதாக வந்த வட்டார அலுவலர் ஒருவர் படித்துவிட்டார்.

அதனால்தான் தூக்குவாளியோடு இந்த வருகை. துணைக்கு ராமாயி.

மடிப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் சேரன் விண்ணப்பத்தை வாங்கி, பிரிக்காமலே மேஜைமேல் வைத்தார்.

“நாலா மடிச்சிருக்கீங்க.”

“பையில வைக்கணும்ல சார்.”

“இது பெட்டிக்கான ஆபீஸ்மா. மடிப்புதான் எங்களுக்கு எல்லாம். விண்ணப்பத்தை மூணா மடிக்கணும். மேல்பாகம் கீழ வரணும், கீழ்பாகம் அதுமேல ஏறணும். மடிக்கவே தெரியாதவங்க கையில நாங்க எப்படிப் பெட்டியைக் குடுக்க முடியும், சொல்லுங்க?”

“இப்பவே பிரிச்சு மூணா மடிச்சுத் தந்துடறேன் சார்.”

“மடிச்ச தாளை மறுபடி மடிச்சா பழைய மடிப்பு உள்ளயே நிக்கும். புதுப் படிவம் வாங்கிக்குங்க. படிவம் செவ்வாய்க்கிழமைதான் குடுக்கறது.”

“இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதானே சார்?”

“பதினோரு மணி வரைக்கும் செவ்வாய்க்கிழமை” என்றார் சேரன்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. தூக்குவாளியை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. மாதிரி என்று பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே போய் நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று படிவங்கள் வாங்கி, மூன்றையும் மூன்றாக மடித்து, ஒன்றைக் கொடுத்தாள். சேரன் மடிப்பை விரலால் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு ஒரு முறுக்கை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். முறுக்கின் துளைகள் வழியே செந்தாமரையைப் பார்த்தார்.

“இதுல எத்தனை துளை இருக்கு?”

செந்தாமரை முப்பதாயிரம் முறுக்கு சுட்டிருப்பாள், துளையை எண்ணியதில்லை. எண்ணினாள். “சுத்தி எட்டு, உள்ள எட்டு, நடுவுல ஒண்ணு. பதினேழு சார்.”

“பதினாலாம் கட்டத்தைப் பாருங்க. ‘பொருளின் கன அளவு, துளை இருப்பின் தனியே.’ பெட்டிக்குள்ள முறுக்கு மட்டும் போகலை, துளையும் போகுது. துளைன்னா காத்து. காத்துக்குப் பெட்டி தேர்வு பண்ண எங்களுக்கு ஆணை இல்ல. மேலிடத்துக்கு எழுதித்தான் கேக்கணும்.”

“துளையை வீட்லயே விட்டுட்டு வந்திருக்கணும், உனக்கு எங்க புத்தி” என்று ராமாயி செந்தாமரையை அதட்டினாள். சேரன் அதையும் ஒரு யோசனையாகக் குறித்துக்கொண்டார்.

செந்தாமரைக்குப் பொறுமை கொஞ்சம் நழுவியது. “சார், துளை கிடக்கட்டும். பெட்டிக்குள்ள முறுக்கு உடையாம இருக்குமா? அதை மட்டும் பாத்துச் சொன்னீங்கன்னாப் போதும்.”

சேரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சுற்றறிக்கை ஒன்று தொங்கியது. அதைத் திரும்பிப் பார்க்காமலே கையால் காட்டினார். அத்தனை பழக்கம்.

“உடையறதுங்கறது உள்ள நடக்கற விஷயம்மா. எங்க அதிகாரம் பெட்டியோட வெளிப்பக்கம் வரைக்கும்தான். உள்ள என்ன இருக்கு, அது இருக்கா, இல்லையா, எந்த நிலைமையில இருக்கு, எதுவுமே எங்க வரம்புல வராது. முன்னாடி இருந்த ஆபீஸையும் சேத்து இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பாத்தது கிடையாது.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான பெருமிதம் இருந்தது. மனிதர் பொய் சொல்லவில்லை.

துளைக்கு மேலிடத்துப் பதில் வரும்வரை மற்ற வேலை நடக்கட்டும் என்று மூன்றாவது வாரம் சோதனை வைத்தார்கள். பெட்டியை மேஜை உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போட்டுப் பார்ப்பார்கள், அதற்கு இருபத்துநாலு முறுக்கு மாதிரியாக வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். வியாழக்கிழமை சோதனை. சோதனைக் கூடத்தில் ஐந்து அதிகாரிகளும், நடுவில் ஓர் அட்டைப்பெட்டியும், எல்லார் முன்னாலும் டீயும் இருந்தன. மாதிரி இருந்த தட்டில் பொடி மட்டும் இருந்தது.

“மாதிரி எங்கங்க?” என்றாள் செந்தாமரை.

“தரம் பாத்தாச்சு” என்றார் ஓர் அதிகாரி, மீசையைத் துடைத்தபடி. “தரம் நல்லாருக்கு.”

டீ கொண்டுவந்த கண்ணாத்தாள், “திங்கட்கிழமையே பாத்துட்டாங்க” என்று முணுமுணுத்துவிட்டு, காலி டம்ளர்களை அலுங்காமல் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு அட்டைப்பெட்டியின் குழிகளுக்குள் இறக்கிக்கொண்டு போனாள்.

பொருள் இல்லாமல் பெட்டியைப் போட்டால் சோதனை செல்லாது. கொஞ்சநேரம் ஆலோசித்தார்கள். பிறகு செந்தாமரையின் விண்ணப்பம் இருந்த கோப்பையே பெட்டிக்குள் வைத்து மூடி, மூன்று தடவை கீழே போட்டார்கள். ‘பொருள் சேதமின்றி உள்ளது’ என்று அறிக்கை எழுதினார்கள்.

“சார், விழுந்தது காகிதம்.”

“உங்க முறுக்கோட நீளம், அகலம், எடை, துளை எல்லாம் அந்தக் கோப்புலதான் இருக்கு. அப்ப முறுக்கு அதுக்குள்ளதானே இருக்குன்னு அர்த்தம்?” என்றார் மீசைக்காரர். மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

நாலாவது வாரம் உயர்நிலைத் தேர்வுக் குழு கூடியது. இயக்குநர் பகலவன் தலைமை. பதினொரு உறுப்பினர்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த மாதிரிப் பெட்டிகளுக்கு ஆளுக்கொன்றாகப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்தியதில் எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் போகவே, ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துப் பார்த்து விவாதித்தார்கள்.

முதலில் ஜன்னல் வைத்த பெட்டி. முன்பக்கம் அட்டையில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடித் தாள் ஒட்டியது. அதன் வழியே வாங்குகிறவர்கள் உள்ளே பார்த்துவிடக்கூடும், உள்ளே பார்ப்பது வரம்பு மீறல் என்று தள்ளினார்கள். அடுத்தது கைப்பிடி வைத்தது. கைப்பிடி வைத்தால் ஜனங்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார் ஓர் உறுப்பினர். தீப்பெட்டிபோல இழுத்துத் திறக்கிற பெட்டியை, இழுத்தால் திறக்கிறது என்ற காரணத்தால் நிராகரித்தார்கள். தலையணை வடிவப் பெட்டியைப் பார்த்து ஒரு மூத்த உறுப்பினர் கொட்டாவி விட்டார். அதுவும் போயிற்று.

கடைசி நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்த செந்தாமரை கையைத் தூக்கினாள். பேச அனுமதி கிடைத்ததும் அஸார் சொன்னதை அப்படியே சொன்னாள். அடி பூட்டிக்கிற பெட்டி, உள்ளே குறுக்குத் தடுப்பு, ஆறு குழி.

பகலவன் அவளைக் கனிவோடு பார்த்தார். மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“தடுப்பு. அந்தச் சகோதரி வெள்ளந்தியா சொல்லிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. இது சோழ மண்டலம். ஒற்றுமைக்குப் பேர் போன மண்ணு. ஒரே அடுப்புல வெந்து, ஒரே எண்ணெயில குளிச்சு, ஒரே பெட்டிக்குள்ள வாழப்போற முறுக்குகளுக்கு நடுவுல நாம சுவர் எழுப்பணுமா? என் பதவிக்காலத்துல அது நடக்காது.”

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

“இன்னொண்ணு. எல்லாரும் வந்து ஒரே கேள்வி கேக்கறாங்க, விழுந்தா உடையுமா, விழுந்தா உடையுமான்னு. அதென்ன தாழ்வு மனப்பான்மை? நம்ம வாசல்ல நிக்கறது யாரு? தலையாட்டிப் பொம்மை. எத்தனை தடவை தள்ளிவிட்டாலும் எழுந்து நிக்கும். நான் உள்ள என்ன இருக்குன்னு பாக்கறவன் இல்லை. எழுந்து நிக்குதான்னு பாக்கறவன். தஞ்சாவூருக்குன்னு ஒரு பெட்டி வேணும். அது தலையாட்டிப் பெட்டியா இருக்கணும். அடி உருண்டை, கழுத்து ஒடுக்கம், மேல ஒரு தலை.”

பதினொரு தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின. செந்தாமரையின் தலையும் ஆடியது. அவள் சம்மதித்து ஆட்டவில்லை. அத்தனை பேர் சேர்ந்து ஆடும்போது ஓர் ஆள் மட்டும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவு எளிதில்லை.

மூன்று நாளில் மாதிரி தயாரானது. அடியில் களிமண், மேலே அட்டை. வெறும் பெட்டியே ஒன்றரைக் கிலோ. நெற்றியில் பெரிய எழுத்தில் ‘முறுக்கு’ என்று எழுதியிருந்தது. பகலவன் தன் கையாலேயே உள்ளே பன்னிரண்டு முறுக்குகளைப் போட்டு, தலையை மூடி, ஒரு தட்டுத் தட்டினார். பெட்டி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, சுழன்றது, கடைசியில் எழுந்து நின்றது. உள்ளே கடகடவென்று கேட்ட சத்தம் முதலில் கரகரப்பாகி, அப்புறம் மணல்போல ஆகி, பிறகு நின்றுபோனது.

“எழுந்து நின்னுடுச்சு பாத்தீங்களா?” என்றார் பகலவன்.

முந்நூறு பெட்டிகள் செய்ய எட்டு மாதம் ஆகும் என்றும், அதுவரை குழு முறுக்கு விற்காமல் பொறுமை காக்க வேண்டும் என்றும் கடிதம் கொடுத்தார்கள். மாதிரிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துப் பழகிவிட்டு, இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிடும்படியும் சொன்னார்கள்.

வழியில் அஸாரிடம் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அட்டையை மடிக்கலாங்க்கா. உருட்ட முடியாது. இதை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கவும் முடியாது. இதை யாருக்கா வரைஞ்சது?”

“பதினோரு பேரு” என்றாள் செந்தாமரை.

நிக்காஹுக்கு இன்னும் பத்து நாள். அன்று சாயங்காலம் ஹமீதா பானு போன் செய்தார். குரலில் கோபம் இல்லை.

“பெட்டி இன்னும் வரலையாமே. மருதையன் சொன்னான். முடியாதுன்னா சொல்லிடு செந்தாமரை, நான் கோவிச்சுக்க மாட்டேன். பட்டுக்கோட்டையில லட்டு சொல்லிக்கறேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கோவிச்சுக்க மாட்டேன் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது போய்விட்டால் அடுத்த வாரம் ஆறு பேரும் மறுபடி சேற்றில் குனிய வேண்டியதுதான் என்பது ஒருத்தி சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. “நாளைக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க அக்கா” என்றாள்.

மறுநாள் மாதிரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் மையத்துக்குப் போனாள். சேரன் வரும்வரை வரவேற்பறையில் உட்காரச் சொன்னார்கள். எதிரே பலகை. நாலு வாரமாக அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். காலியாக இருக்கிற பலகையை யார் படிப்பார்கள்? அன்று வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் படித்தாள். ‘கண்ணாடி டம்ளர், ஆறு.’

அந்த நேரம் பார்த்துக் கண்ணாத்தாள் கையில் அதே பழைய பெட்டியோடு அவளைக் கடந்து போனாள்.

“அக்கா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க.”

உள்ளே குறுக்குத் தடுப்பு. ஆறு குழி. அடி பூட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கீழவாசல் அச்சகத்தின் பெயர். கையோடு கொண்டுவந்திருந்த இன்னொரு தூக்குவாளியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் குழிக்குள் இறக்கினாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

“ஏழு வருஷமா இதுலதான் வச்சு எடுக்கறேன். ஒரு டம்ளர் உடைஞ்சதில்ல” என்றாள் கண்ணாத்தாள்.

சேரன் வந்ததும் செந்தாமரை அவர் மேஜைக்குப் போய்த் தலையாட்டிப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு நின்றாள்.

“சார், பலகையில ஒண்ணாம் நம்பர் பெட்டி இருக்குல்ல. அது யாரு கேட்டாலும் குடுப்பீங்களா?”

“அங்கீகரிச்ச பெட்டி. யாரு வேணாலும் கேக்கலாம். அன்னைக்கே அனுமதி. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.”

“எங்க குழுவுக்கு முந்நூறு வேணும்.”

“டம்ளர் விக்கப் போறீங்களா?”

“பெட்டி கேக்கறேன் சார்.”

“அதான், உள்ள என்ன...”

சேரன் பாதியில் நிறுத்தினார். அவர் நிறுத்துவதற்கு முன்பே செந்தாமரையின் பார்வை அவருக்குப் பின்னால் தொங்கிய சுற்றறிக்கைக்குப் போயிருந்தது. இந்தத் தடவை அவரும் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உள்ள இருக்கறதையும் எழுதணுமா சார்?” என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவளைப்போல.

இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று சேரனுக்குத் தெரிந்துவிட்டது. அது அவரைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எழுத வேண்டாம். ஆனா வெளிப்பக்கம் ‘கண்ணாடி டம்ளர், கவனம்’னு இருக்கணும். அது அங்கீகாரத்துல இருக்கற வாசகம். ஒரு எழுத்து மாறக் கூடாது.”

“மாறாது சார்.”

பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அன்றைக்கு வாங்கி மூன்றாக மடித்து வைத்ததில் மிச்சம் இருந்தது. சேரன் மடிப்பைத் தடவிப் பார்த்தார். “மடிப்பு சுத்தமா இருக்கு” என்று சொல்லி முத்திரை குத்தினார். பத்து நிமிஷம் ஆகவில்லை.

அஸார் சொன்னபடி நாலு நாளில் அடித்துக் கொடுத்தார். ஆறு பெண்களும் இரண்டு அடுப்பு போட்டு மூவாயிரத்து அறுநூறு முறுக்கு சுட்டார்கள். சனிக்கிழமை காலை மருதையன் குட்டியானையைப் பின்னால் எடுத்து நிறுத்தி, முதல் பெட்டியைத் தூக்கியெறியப் போனவன், எழுத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான்.

“கண்ணாடியாக்கா?”

“எழுதியிருக்குல்ல, படிச்சுக்க.”

மருதையன் வீட்டுக்குப் போய் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து வண்டியில் பரப்பினான். பெட்டிகளைக் கைக்குழந்தையைப்போல வாங்கி வாங்கி அடுக்கினான். வாழைத்தார் ஏற்றக் கேட்டவனோடு சண்டை போட்டான். நீடாமங்கலம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனையிலும் வண்டியை உருட்டிக்கொண்டு போனான். மூன்று மணிநேரப் பாதைக்கு ஐந்தரை மணிநேரம் ஆயிற்று. மச்சான் முன்சீட்டில் உட்கார்ந்து, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

பஸ்ஸில் முன்னாலேயே வந்து காத்திருந்த செந்தாமரையின் எதிரில் ஹமீதா பானு ஒரு பெட்டியைத் திறந்தார். இன்னொன்றைத் திறந்தார். அடுக்கின் அடியிலிருந்து உருவி இன்னும் எட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். பிறகு தஹ்மீனாவைக் கூப்பிட்டு ஒரு முழு முறுக்கை அவள் கையில் வைத்தார்.

“என்னம்மா, டம்ளர்னு போட்டிருக்கு?” என்றாள் தஹ்மீனா.

“பெட்டி கவர்மென்டோடது, முறுக்கு எங்களோடது” என்றாள் செந்தாமரை. அந்தத் தெருவில் அடுத்த இரண்டு மாதத்தில் நாலு கல்யாணம். நாலுக்கும் அவளுடைய முறுக்குத்தான். அந்த வருஷம் நடவுக்கு ஆள் தேடி வந்தவர்களிடம் ராமாயி, “வேற இடம் பாத்துக்குங்க, எங்களுக்கு டம்ளர் வேலை இருக்கு” என்று சொல்லி அனுப்பினாள்.

வலங்கைமான் முறுக்கு ஒன்றுகூட உடையாமல் கடற்கரைவரை போகிறது என்ற செய்தி ஒரு பத்திரிகையில் வந்தது. பத்திரிகை மையத்துக்கும் போனது. மார்கழியில் மையத்தின் எட்டாம் ஆண்டு விழா வைத்தார்கள். செந்தாமரைக்கு அழைப்பு வந்தது, மூன்றாக மடித்து.

மேடையில் பகலவன் முக்கால் மணிநேரம் பேசினார். “ஒரு முறுக்குகூட உடையலை. எப்படி நடந்துச்சு இது? நாங்க உள்ள பாக்கலை. நம்பினோம். விழுந்தா எழணும்ங்கற தலையாட்டித் தத்துவத்தை நம்பினோம். இந்தச் சகோதரி எங்க வாசல்ல வந்து நின்னப்ப அவங்ககிட்ட வெறும் முறுக்குதான் இருந்துச்சு. இன்னைக்கு அவங்ககிட்ட ஒரு பெட்டி இருக்கு” என்றார். எந்தப் பெட்டி என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முதல் வரிசையில் சேரன் மட்டும் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நினைவுப் பரிசு. அழகான கண்ணாடிக் கேடயம், சென்னையில் சொல்லிச் செய்தது என்று அறிவித்தார்கள். மையத்தின் பெருமையான தலையாட்டிப் பெட்டியிலேயே அதை வைத்துக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். பெட்டி வண்டியிலிருந்து இறங்கி மேடைக்கு வந்தது. நெற்றியில் ‘முறுக்கு’ என்று எழுதியிருந்ததால், இறக்கியவர் மேலே நின்றவரிடம் எறிந்தார், மேலே நின்றவர் பிடித்து மேஜைக்குத் தள்ளினார். பெட்டி மேஜைமேல் இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி எழுந்து நின்றது. அரங்கமே கைதட்டியது.

செந்தாமரை இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளே கலகலவென்றது. அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“திறந்து எல்லாருக்கும் காட்டுங்கம்மா” என்றார் பகலவன், மைக்கில்.

செந்தாமரை பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“வேணாங்கய்யா” என்றாள். “உள்ள இருக்கறது உங்க வரம்புல வராது.”

மேடையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.